சாட்ஸ்வொர்த் வீட்டைக் காப்பாற்றியவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். பிரபு வம்சம் என்றதும் நமக்கு வாளும் குதிரையும்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுக்களான கேவண்டிஷ் குடும்பம் அப்படி மேலே வந்ததில்லை. சாட்ஸ்வொர்த் மாளிகையும் நிலமுமான அவர்கள் சொத்தைச் சேர்த்ததும் ஒரு பெண், அது கைவிட்டுப் போக இருந்தபோது இழுத்துப் பிடித்ததும் ஒரு பெண் என்பது என் கட்சி.

முதல் பெண், ஹார்ட்விக்கைச் சேர்ந்த பெஸ். டெர்பிஷயரில் பெரிய வசதியில்லாத வீட்டில் பிறந்தவர், நான்கு முறை கல்யாணம் செய்துகொண்டவர். இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷ், மன்னர் எட்டாம் ஹென்றி கிறிஸ்தவ மடங்களைக் கலைத்தபோது அந்தச் சொத்துகளுக்குக் கணக்குப் பார்த்த அதிகாரி. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? அந்த வழியில் சேர்ந்த நிலங்களை விற்றுவிட்டு, 1549-இல் மனைவியின் ஊர்ப்பக்கமே சாட்ஸ்வொர்த்தை வாங்கினார்கள். வயதான காலத்தில் பெஸ் தனக்கென்று ஹார்ட்விக் ஹாலைக் கட்டினார். அதன் கோபுர உச்சிகளில் 'இ.எஸ்.' (எலிசபெத் ஷ்ரூஸ்பரி) என்று தன் பெயரெழுத்துகளைக் கல்லிலேயே பெரிதாக வைத்தார். யார் வீடு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் வந்தவர்கள் பலவிதம். 1688-இல் டச்சு இளவரசர் ஆரஞ்சு வில்லியமை இங்கிலாந்துக்கு அழைத்துக் கடிதம் எழுதிய எழுவரில் ஒருவர் இந்த வீட்டுக்காரர். அதற்குப் பலனாக 1694-இல் டியூக் பட்டம், பிரபுக்களில் மிக உயர்ந்தது. ஐந்தாம் டியூக்கின் மனைவி ஜார்ஜியானா சூதாட்டத்தில் கடனாளி ஆனார். ஆறாம் டியூக் கல்யாணமே செய்யாமல் தோட்டத்தில் பணத்தைக் கொட்டினார். ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கோலஸ் வருவார் என்று 1844-இல் அவசர அவசரமாக ஒரு மாபெரும் நீரூற்று அமைத்தார், அவரோ கடைசிவரை வரவே இல்லை! டியூக்கின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டில் வளர்த்த வாழைக்குத்தான் கேவண்டிஷ் என்று பெயர் வந்தது. நம்மூர்க் கடைகளில் தொங்கும் ஜி9, ரோபஸ்டா எல்லாம் அந்த வகைதான்.

சரி, பெரிய அடிக்கு வருவோம். பத்தாம் டியூக்கின் மூத்த வாரிசு வில்லியம், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை கேத்லீனை 1944 மே மாதம் மணந்தார், நாலே மாதத்தில் பெல்ஜியம் போர்முனையில் இறந்தார். அதனால் வாரிசானவர் தம்பி ஆண்ட்ரூ. தந்தை பத்தாம் டியூக் வரிக்குப் பயந்து சொத்தை முன்கூட்டியே மாற்றி எழுதியிருந்தார். அதன்பின் ஐந்து ஆண்டு அவர் உயிரோடு இருந்திருந்தால் மரண வரி, அதாவது இறந்தவர் சொத்தின் மீதான வரி, கிடையாது. 1950 நவம்பரில், கெடு முடிய நாலு மாதம்கூட இல்லாதபோது, திடீரென்று போய்விட்டார். கடைசியாகப் பார்த்த மருத்துவர் ஜான் போட்கின் ஆடம்ஸ். பின்னால் வேறொரு நோயாளியைக் கொன்றதாக வழக்கு நடந்து விடுதலையானவர். வம்புக்கு இது போதும், ஆனால் குடும்பத்தை உலுக்கியது 80 சதவீத வரிதான். ஏராளமான நிலத்தை விற்றார்கள், ஓவியங்களைக் கொடுத்தார்கள், பெஸ் பெயர் பொறித்த ஹார்ட்விக் ஹாலும் வரிக்கு ஈடாகப் போயிற்று.

இங்கேதான் இரண்டாவது பெண் வருகிறார். ஆண்ட்ரூவின் மனைவி டெபோரா, அன்றைய இங்கிலாந்தில் பேர்போன மிட்ஃபோர்டு சகோதரிகளில் கடைக்குட்டி. ஒரு அக்கா ஹிட்லரின் பக்தை, இன்னொருத்தி கம்யூனிஸ்ட், இவருக்கோ கோழிகள் மேல் உயிர். வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் டிக்கெட்டோடு நிறுத்தாமல் 1977-இல் பண்ணைக் கடை திறந்து, எஸ்டேட் இறைச்சியை விற்றார். டியூக் வீட்டம்மா கடை போடுவதா என்று கூச்சப்பட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். 1981-இல் வீட்டை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். இன்று கேவண்டிஷ் குடும்பம் அங்கே குடியிருப்பது அந்த அறக்கட்டளைக்கு வாடகை கொடுத்துத்தான்.