விசிறியை எடுத்துவிட்டால் அமைதி கிடைத்துவிடுமா?

வணக்கம் நண்பர்களே. இந்த அறையில் என் மைக்கும் மேசைக் கணினியும் ஒரு முழ இடைவெளியில்தான் இருக்கின்றன; ஆகையால் கணினியின் முதன்மைச் சில்லான பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் விசிறி இரைச்சல் எனக்குச் சிறிய விஷயம் அன்று. விசிறியே இல்லாத கூலரை வாங்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

இப்போது நான் காட்டுவது ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவா 2021இல் வெளியிட்ட என்ஹெச்-பி1 என்னும் விசிறியில்லாத கூலர். இதன் எடை 1,180 கிராம். உயரம் 158 மில்லிமீட்டர். இதிலுள்ள ஆறு ஹீட் பைப்புகளுக்குள், அதாவது வெப்பத்தைக் கடத்தும் குழாய்களுக்குள், குறைந்த அழுத்தத்தில் இருக்கும் சிறிதளவு திரவம் பிராசசரின் சூட்டில் ஆவியாகி, வெப்பத்தை வெளிவிடும் உலோகத் தகடுகள் இருக்கும் பக்கம் சென்று குளிர்ந்து, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலத்தின் வழியே திரும்பி வருகிறது. தகடுகளுக்கு இடையே உள்ள இந்த அகலமான இடைவெளியைப் பாருங்கள். தள்ளிவிட விசிறி இல்லாததால் சூடான காற்று தானாகவே மேலெழ வேண்டும். நெருக்கமான தகடுகளுக்குள் உராய்வு மிகுந்து அந்த மெல்லிய ஓட்டம் தேங்கிவிடும். அதனால்தான் கணினிப் பெட்டியான கேபினெட்டை நிமிர்த்தி வைத்து, அதன் மேற்புறத்தைத் திறந்த வலையாக விட வேண்டியிருக்கிறது.

சென்ற மே மாதம் ஒரு நண்பகலில் இந்தக் கூலருடன் காணொளியை ரெண்டர் செய்து, அதாவது இறுதிக் கோப்பாக உருவாக்கிக்கொண்டிருந்தபோது, சூடு மிகுந்து பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. தவறு என்னுடையதே: கேபினெட்டின் மேற்புறத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஆயினும் அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் பிராசசரின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும் என்பதைச் சென்னையில் வசிப்பவர்கள் கணக்கில் கொள்ளவே வேண்டும். பிராசசரின் அட்டைப்பெட்டியில் அதன் மின்செலவு 65 வாட் என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகை ரைசன் பிராசசரில் அது 88 வாட் வரை செல்லும், இன்டெல் ஐ5-12400 பிராசசரில் டர்போ வரம்பு, அதாவது வேகம் கூடும்போதைய உச்ச வரம்பு, 117 வாட். ரைசனை வைத்திருப்பவர்கள் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், மின்செலவைக் குறைக்கும் ஈகோ மோடை இயக்கினால் வேகத்தில் சிறிதளவே இழந்து சூட்டை நன்றாகக் குறைக்கலாம். விசிறி இல்லாததால் மதர்போர்டின் மின்சுற்றுகளுக்கும், அதில் செருகிய சேமிப்பகமான எம்.2 எஸ்எஸ்டிக்கும் காற்றே கிடைக்காமல் போவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

எனவே பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, பெரிய ஹீட் சிங்கும் (வெப்பத்தை வெளிவிடும் உலோகத் தகடுகளின் தொகுதி) மெதுவாகச் சுழலும் ஒரு 140 மில்லிமீட்டர் விசிறியும் போதும் என்பதே. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். காற்றோட்டமோ பாதியளவுக்குத்தான் குறையும். இத்தகைய மெல்லிய காற்றே தானாக எழும் காற்றைவிட மிகுதியான வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது.

சீரான ஓசையை விட, ஏறி இறங்கும் ஓசைதான் காதை உறுத்துகிறது. இப்போது என் கணினியிலும் விசிறிதான்; பயாஸில் பிராசசரின் வெப்பம் 65 டிகிரி ஆகும் வரை அதை ஒரே வேகத்தில் வைத்து, அதற்கு மேல் சில விநாடிகள் தாமதித்தே வேகம் கூடுமாறு அமைத்திருக்கிறேன். இந்தப் பதிவு நடக்கும்போதும் அந்த விசிறி சுழன்றுகொண்டுதான் இருக்கிறது.