விடிகாலையில் சுங்கை பூலோ குளம் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது?

நண்பர்களே, பறவை பார்க்கக் கோழி கூவும் முன்னே எழ வேண்டும் என்பார்கள். புக்கிட் தீமா காட்டுக்கு அது பொருந்தும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக் கரைப்பறவைகளுக்குக் கடல்தான் கடிகாரம்.

வலசைக் காலம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. உங்கள் வீட்டுக் கூடத்து நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பாருங்கள். அன்றும் அடுத்த ஓரிரு நாளும் கடல் நன்றாக ஏறும். இங்கே அது பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான். விடிகாலையில் வற்றிக் கிடக்கும். அப்போது பறவைகள் அருகிலுள்ள மண்டாய்ச் சேற்றுவெளியில் பரவி இரை தேடும். 7 மணிக்கு வாசல் திறந்ததும் வந்தவர் குளத்தைப் பார்த்து ஏமாந்து திரும்புவார். அந்தச் சேறு மூழ்கியதும்தான் கூட்டம் இங்கே ஒதுங்க வரும். இவை பழைய இறால் குளங்கள். மதகால் நீரைக் குறைத்து வைப்பதால், வெளியே கடல் ஏறியிருந்தாலும் உள்ளே சேற்றுத் திட்டு தெரியும். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில் உச்ச நேரம் பார்த்து, ஒரு மணி நேரம் முன்னதாகப் பறவை பார்க்கும் மறைவிடத்தில் உட்காருங்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும்! முதலில் வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். கண்ணாடி போட்டவர்கள் கண்குமிழை (கண் வைக்கும் பக்கத்து வளையத்தை) உள்ளே இறக்கிவிட வேண்டும். இன்னொன்று: ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் வெளியே எடுக்காதீர்கள், லென்ஸ் பனித்துவிடும். கால் மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

இறகின் நிறத்தை நம்பாதீர்கள், வலசை வந்ததில் பாதிக்கு மேல் சாம்பலும் பழுப்பும்தான். கால்களையும் நடையையும் பாருங்கள். செம்மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை என்றால் பவளக்காலி (Common Redshank). நாலடி ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்தினால் உப்புக்கொத்தி. கீழ்நோக்கி வளைந்த நீள அலகோடு பெரிதாக நிற்பது கோட்டான் (ஆந்தை அல்ல, curlew வகைக் கரைப்பறவை).

எல்லாம் ஒரேயடியாக எழும்பினால் பைனாகுலரைக் கீழே வைத்து வானத்தைப் பாருங்கள்; கடற்கழுகு வந்திருக்கலாம்.