நீலம், வெள்ளை, மெரூன்: உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

[திரையில்: மூன்று பாஸ்போர்ட் அட்டைகள், பக்கத்தில் பக்கத்தில்]

வணக்கம்.

2023 மார்ச்சில் ராகுல் காந்தியின் எம்.பி. பதவி போனது. பதவியோடு சேர்ந்து இன்னொன்றும் போனது: அவர் வைத்திருந்த மெரூன் நிறப் பாஸ்போர்ட். அதை ஒப்படைத்துவிட்டு, நம் எல்லோரையும் போல சாதாரண நீலப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. நிலுவையில் ஒரு வழக்கு இருந்ததால் முதலில் நீதிமன்றத்தில் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். 10 வருடத்துக்குக் கேட்டார். டெல்லி நீதிமன்றம் மே மாதம் 3 வருடத்துக்குக் கொடுத்தது.

அந்த மெரூன் பாஸ்போர்ட் ஆளுக்குக் கிடைத்தது அல்ல, நாற்காலிக்குக் கிடைத்தது. அந்த வழக்கு விஷயம் மட்டும் பெரிய தலைவர்களுக்கான விதி என்று நினைக்காதீர்கள். ஊரில் வரப்புத் தகராறில் உங்கள் மேல் ஒரு கிரிமினல் வழக்கு நீதிமன்றத்தில் இருந்தாலும் இதே கதைதான். நீதிமன்ற அனுமதி வேண்டும். அந்த உத்தரவில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் கைக்கு வருவது ஒரு வருடப் பாஸ்போர்ட்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

[திரையில்: 1967 என்ற எண்]

1967 வரை இந்தியாவில் பாஸ்போர்ட் கொடுப்பதற்கென்று ஒழுங்கான சட்டமே கிடையாது. அரசு விரும்பினால் கொடுக்கும், விரும்பாவிட்டால் இல்லை. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற தொழிலதிபர் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம், சட்டம் இல்லாமல் அதை மறுக்க முடியாது என்று அந்த ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அவசர அவசரமாக ஜூன் மாதமே பாஸ்போர்ட் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கு இருக்கும் மூன்று வகையும் அந்தச் சட்டத்தில் உள்ளவைதான்.

நீலம், சாதாரண பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 10 வருடம் செல்லும். 36 பக்கம் போதாது என்று நினைப்பவர்கள் 60 பக்கம் கேட்டு வாங்கலாம். வெள்ளை, அரசு வேலையாக வெளிநாடு போகும் அரசு ஊழியர்களுக்கு. மெரூன், தூதரக அதிகாரிகள், அமைச்சர்கள், எம்.பி.க்கள் போன்றவர்களுக்கு.

மெரூனின் பலம் அட்டையில் இல்லை, நாடுகளுக்கு இடையே போட்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் கர்நாடக எம்.பி. ஒருவர் மேல் பாலியல் புகார்கள் வெடித்த நேரத்தில் அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். விசா எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்டார்கள். வெளியுறவுத் துறை சொன்ன பதில்: விசாவே வாங்கவில்லை, தூதரகப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஜெர்மனி போக விசா தேவையில்லை. அதே ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போக உங்கள் வீட்டுப் பிள்ளை மாதக்கணக்கில் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த மூன்றைத் தவிர அவசரச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் நம் தூதரகம் கொடுப்பது. ஒரே ஒரு பயணம், அதுவும் இந்தியாவுக்குத் திரும்பி வர மட்டும்.

[திரையில்: மாதிரிப் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், கீழே இரண்டு வரிகள் பெரிதாகின்றன]

இப்போது புகைப்படம் இருக்கும் பக்கத்துக்கு வாருங்கள். அடியில் எழுத்தும் எண்ணும் அம்புக்குறிகளுமாக இரண்டு வரி இருக்கிறதா? வரிக்கு 44 இடம். விமான நிலையத்து இயந்திரம் படிப்பது இதைத்தான். முதல் வரியில் நாட்டுக்குறியீடு, அதை அடுத்துக் குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு உங்கள் பெயர். அந்த இரண்டு அம்புக்குறிதான் தமிழர்களுக்குத் தலைவலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே! பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுதவேண்டும். எதை எங்கே விரிப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வித்தியாசம். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டவரை அமெரிக்காவில் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் அவர் பெயரே குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் உட்கார்ந்துவிடும்.

இது வெறும் சங்கடம் மட்டும் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதி கொண்டுவந்தது: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ உள்ளே விடமாட்டோம். பிறகு, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முதல் முறை பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு என் யோசனை: இரண்டு கட்டத்திலும் ஏதாவது ஒரு பெயர் இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

[திரையில்: இந்திய விசா ஒட்டிய ஒரு பக்கம்]

பாஸ்போர்ட் 'இவர் யார்' என்று சொல்கிறது. சொல்வது நம் நாடு. விசா 'இவர் எதற்கு வருகிறார்' என்று சொல்கிறது. சொல்வது போகிற நாடு. இதற்கு நம் நாடு பிறருக்குக் கொடுக்கும் விசாக்களையே பார்க்கலாம். சுற்றுலா, வணிகம், வேலை, மாணவர், மருத்துவம், மாநாடு, பத்திரிகையாளர், சமயப் பணி, ஆராய்ச்சி, சினிமா என்று வகைகள் நீளும். 2023இல் ஆயுர்வேதம், சித்தா போன்ற சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக ஆயுஷ் விசாவும் சேர்ந்தது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு நோக்கம், அந்த நோக்கத்தைத் தாண்டினால் சிக்கல், அவ்வளவுதான்.

2019 நாடாளுமன்றத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வங்கதேச நடிகர் ஃபெர்தௌஸ் அகமது திரிணமூல் வேட்பாளருக்கு ஆதரவாகப் பிரச்சாரத்தில் கலந்துகொண்டார். அவர் கையில் இருந்தது வணிக விசா. ஓட்டுக் கேட்பது வணிகமா? உள்துறை அமைச்சகம் விசாவை ரத்து செய்தது, நாட்டைவிட்டுக் கிளம்பச் சொன்னது, கறுப்புப் பட்டியலிலும் சேர்த்தது.

வேலை விசாவில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. இந்தியாவில் வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்ச ரூபாய்க்கு மேல் இருக்கவேண்டும். நம் ஆட்களே செய்யக்கூடிய வேலைக்கு வெளியாள் வரக்கூடாது என்ற கணக்கு. ஆனால் தன் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரருக்கு இந்தச் சம்பள வரம்பு கிடையாது. ஆங்கிலம் தவிர மற்ற மொழி சொல்லித்தரும் ஆசிரியருக்கும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய உணவகத்துக்குக் கொரியாவிலிருந்தே சமையல்காரரைக் கூட்டிவர முடிவது இப்படித்தான்.

மருத்துவ விசா சென்னைக்கும் வேலூருக்கும் நன்றாகப் பழக்கம். நோயாளியோடு கூட வருகிறவர்களுக்கும் தனி விசா உண்டு, இரண்டு பேர் வரை. எந்த விசாவானாலும் 180 நாளுக்கு மேல் தங்குகிற வகை என்றால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது பொது விதி.

[திரையில்: பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்]

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி பெயர், முகவரி எல்லாம் இருக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தில், சிலருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி அச்சாகியிருக்கும்: குடிபெயர்வுச் சோதனை தேவை. ஆங்கிலச் சுருக்கம் இ.சி.ஆர். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் அனுமதி வாங்கவேண்டும் என்று அர்த்தம். சென்னைக்காரர்கள் மகாபலிபுரம் ரோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது வேறு. அந்த வரி இல்லாவிட்டால் உங்களுக்குச் சோதனை தேவையில்லை, இ.சி.என்.ஆர். என்று அர்த்தம். அதற்கென்று தனி முத்திரை எதையும் தேடாதீர்கள்.

ஆக, நீல அட்டைக்குள்ளேயே இரண்டு வகை இருக்கிறது. 2018 ஜனவரியில் அரசு இதை வெளிப்படையாகவே பிரிக்கப் பார்த்தது. இ.சி.ஆர். ஆட்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை என்று அறிவித்தார்கள். படிக்காதவன் என்று நெற்றியில் எழுதி அனுப்புவதா என்று கடும் எதிர்ப்பு வந்தது, குறிப்பாகக் கேரளத்திலிருந்து. அந்த மாதம் முடிவதற்குள் திட்டத்தைக் கைவிட்டார்கள். நல்லவேளை.

யாருக்கு இந்த வரி விழும்? பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு. வருமான வரி கட்டுகிறவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள், 18 வயது ஆகாதவர்கள், வெளிநாட்டில் 3 வருடம் இருந்துவிட்டவர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. பத்தாவது பாஸ் செய்திருந்தும், விண்ணப்பிக்கும்போது சான்றிதழை வைக்காததால் இ.சி.ஆர். ஆனவர்கள் நம் ஊரில் ஏராளம். மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துச் சான்றிதழைக் காட்டினால் அந்த வரி போய்விடும்.

இது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. 18 நாடுகள்தான். சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் என்று வளைகுடா முழுக்க. அப்புறம் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான், லிபியா, சிரியா, ஏமன், ஆப்கானிஸ்தான், சூடான், தெற்கு சூடான். சிங்கப்பூர் இதில் இல்லை, மலேசியா இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அங்கெல்லாம் வேலைக்குப் போனால்தான் அனுமதி வேண்டும். மலேசியாவுக்குச் சுற்றுலா போய் பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வருவதற்குத் தேவையில்லை. இந்தச் சலுகை 2007இல் வந்தது. ஓட்டை விழுந்த இடமும் இதுதான்.

[திரையில்: விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியின் மேசை]

வேலை விசாவில் முறையாகப் போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முதலாளி, வெளிநாட்டு வேலைக்கென்று நம் அரசு நடத்தும் ஈ-மைகிரேட் தளத்தில் பதிய வேண்டும். சம்பளம், வேலை நேரம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். தொழிலாளி பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடு எடுக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். பிறகு குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அனுமதி கொடுக்கும். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் வேலை இது.

ஏஜென்ட்டுக்கு இதெல்லாம் தொல்லை. "விசிட் விசாவில் போயிருங்க தம்பி, அங்க போய் மாத்திக்கலாம், கவுண்டர்ல கேட்டா மாமா வீட்டுக்குன்னு சொல்லுங்க" என்பார். அதிகாரி ரிட்டர்ன் டிக்கெட்டையும் கையில் இருக்கும் பணத்தையும் பார்ப்பார், மாமா பெயரைக் கேட்பார். அங்கேயே ஆஃப்லோடு ஆனவர்கள், அதாவது விமானம் ஏறவிடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள். தப்பித்துப் போய்ச் சேர்ந்தவர் நிலைமை வேறு. அந்த நாட்டுக் கணக்கில் அவர் தொழிலாளியே இல்லை, விருந்தாளி. சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுத்தால், விருந்தாளி ஏன் வேலை பார்த்தாய் என்ற கேள்வி முதலில் வரும். நம் பக்கம் ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, அவர் வேலைக்குப் போனதற்கான பதிவும் இல்லை.

பத்தாவது படித்துவிட்டால் ஆள் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்பது இந்த முழு ஏற்பாட்டின் அடிப்படை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2022இல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக வலைதளத்தில் விளம்பரம். குறிவைத்தது கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை. அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். பட்டம் படித்தவனின் பாஸ்போர்ட்டில் அந்த வரி இருக்காது. அவனை யாரும் நிறுத்திக் கேட்கப் போவதும் இல்லை.

அதனால் இ.சி.ஆர். இருக்கிறதோ இல்லையோ, ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். உரிமம் பெற்ற ஏஜென்ட்டுக்கு ஒரு பதிவு எண் இருக்கும். ஈ-மைகிரேட் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். சப்-ஏஜென்ட் என்று சொன்னால் நம்பாதீர்கள், சட்டத்தில் அப்படி ஒரு ஆளுக்கு இடமில்லை. உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., ரசீதோடு. பிறகு விசாவின் நகலை வாங்கி, வகை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். அரபியில் இருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். விசிட் என்றோ டூரிஸ்ட் என்றோ இருந்தால் பணம் கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பெயரில் குடியுரிமை இருந்தாலும் அது குடியுரிமை இல்லை: ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. சொல்ல நிறைய இருக்கிறது, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.