மாவு என்று பெயர் வைத்த ஊர்

அவையோருக்கு வணக்கம்.

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடக்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால் ஃபரீனா இருக்கிறது. கூரை போன கல்சுவர்கள்தான் இன்றைய ஊர். ஃபரீனா என்றால் லத்தீனில் மாவு. இங்கே கோதுமை கொழிக்கும் என்று நம்பி வைத்த பெயர் அது.

அந்த நம்பிக்கை தவறு என்பதை முன்கூட்டியே சொன்னவர் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர். 1865-இல், கடும் வறட்சியின்போது, குதிரையேறிப் போய் வறட்சியின் எல்லையைக் குறித்து வந்தார். அந்த வெளியில் பல்லாண்டு மழைக்கணக்கு கிடையாது. அவர் செடிகளைப் பார்த்தார். மாலி எனும் குட்டை யூகலிப்டஸ் முடிந்து, சாம்பல் பூத்த இலையோடு உப்புப்புதர் தொடங்கும் இடமே அவருக்கு எல்லை. ஒரு வருஷ மழை ஏமாற்றும். ஆனால் புதர், நல்ல வருஷத்தையும் கெட்ட வருஷத்தையும் சேர்த்துத் தாங்கி நிற்பது. கோட்டுக்குத் தெற்கே உழலாம், வடக்கே ஆடு மாடு மேய்க்கலாம் என்றார்.

1870-களில் மழை நன்றாகப் பெய்தது. ‘ஏர் போன வழியே மழை வரும்’ என்ற பேச்சு பரவியது. 1874-இல், கோட்டுக்கு வடக்கே உழவுக்கு நிலம் கொடுப்பதற்கு இருந்த தடையை அரசு நீக்கியது. கோட்டுக்கு வடக்கே 250 கிலோமீட்டர் தாண்டி, 1878-இல் ஃபரீனாவுக்கு மனை பிரித்தார்கள். 1882-இல் ரயிலும் வந்தது.

கோதுமை ஏன் கைவிட்டது? அங்கே ஜூன் வாக்கில், குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்து வசந்தத்தின் முடிவில் அறுக்க வேண்டும். மொத்த மழை எவ்வளவு என்பதைவிட, கதிர் பால் பிடிக்கும் செப்டம்பர், அக்டோபரில் ஈரம் நிற்கிறதா என்பதே முக்கியம். ஃபரீனாவின் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதுவும் எந்த மாதத்தில் கொட்டும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, உழுதால் மண்ணைப் பிடித்து வைத்திருந்த புதர் போய்விடும். பிறகு காற்றுதான் மேல்மண்ணை அள்ளும். இந்தப் பிழைக்கு விலை கொடுத்தவர்கள் அரசை நம்பி வந்த விவசாயிகள். அதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஊரைச் சில பத்தாண்டுகள் வாழவைத்தவை ரயிலும் ஒட்டகமும். ரயிலில் இறங்கிய சரக்கை நாட்டின் உட்பகுதிப் பண்ணைகளுக்குச் சுமந்தவை ‘ஆப்கானியர்’ என்று அழைக்கப்பட்டவர்களின் ஒட்டகங்கள். ஊர்க் கல்லறையில் அவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு.

அங்கே நிலத்தடியில் ஒரு ரொட்டிக்கூடம் இருக்கிறது. படியிறங்கிப் போனால் கல்லால் கட்டிய விறகடுப்பு. தன்னார்வலர்கள் அதைச் செப்பனிட்டு, குளிர்காலத்தில் சில வாரங்கள் ரொட்டி சுடுகிறார்கள். மாவு மட்டும் வெளியூரிலிருந்துதான் வருகிறது.