மரப்பட்டையில் கோடு போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், தோட்டத்தில் வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

சற்று முன்பு இதே மேடையில் வர்ணம் தீட்டும் போட்டிக்குப் பரிசு வழங்கினோம். அறுபது பிள்ளைகள் அறுபது தாள்களில் தீட்டியது ஒரே மயிலை. அதன் தோகையில் உள்ள ஒவ்வொரு கண்ணையும் யாரோ ஒருவர் முன்கூட்டியே வரைந்து, அச்சிட்டு, கோட்டைத் தாண்டாதே என்று சொல்லாமல் சொல்லிக் கொடுத்துவிட்டார். பரிசு பெற்ற பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மயிலின் கழுத்து எந்த இடத்தில் வளைகிறது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு அவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஓவியம் என்றால் இந்தப் போட்டியும் ஒரு பெட்டி கிரேயானும்தான் என்று நம் வீடுகளில் ஆகிவிட்டதே என்பதுதான் என் கவலை. மாவு, மெழுகு, மண், தோல், துணி, பாறை என்று பலவகைப் பொருள்கள் பிள்ளைகளின் கையிலும் கண்ணிலும் பட வேண்டும்; கலை அவர்களைப் பொருளின் வழியாகத்தான் சென்றடையும் என்பதை உங்கள் முன் வைக்கவே நான் வந்திருக்கிறேன்.

இது என் சொந்தக் கற்பனை அன்று. நம் தொடக்கப்பள்ளிகளின் காட்சிக் கலைக் கல்வியே படம் வரைதல், தோரணியும் வடிவமைப்பும், உருவமைத்தலும் கட்டுதலும், மரபுக் கைவினை என நான்கு துறைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், தேர்வு நெருங்க நெருங்க, இந்த நான்கில் முதலாவது மட்டுமே மிஞ்சும். கடைசியில் அந்தப் பாடவேளையும் கணிதத்துக்குப் போய்விடும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை.

இதில் வயதுக்கும் ஒரு பங்கு உண்டு. மூன்று நான்கு வயதுப் பிள்ளை ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்தே இரண்டு கால்களைத் தொங்கவிட்டு, இதுதான் அப்பா என்று சொல்லும். அந்தத் துணிச்சல் ஒன்பது, பத்து வயதில் குலைகிறது. தான் வரைந்ததையும் கண்ணால் காண்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பருவம் அது. பிள்ளைகளின் ஓவியம் படிப்படியாக வளர்வதை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் இந்தப் பருவத்தைத் தனியாகவே குறிப்பிட்டார். “எனக்கு வரைய வராது, டீச்சர்” என்ற சொல்லை நான் மிகுதியாகக் கேட்டது நான்காம் ஆண்டு வகுப்புகளில்தான். பென்சில் ஒன்றையே கலையாக அறிந்த பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. களிமண்ணையோ மெழுகையோ முன்பே அறிந்த பிள்ளைக்கு அங்கிருந்து நகர்வதற்கு வேறு பாதை இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கலையைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் பலர் விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் அந்தக் கோட்டை, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவி, உள்மரத்தில் உளி படாமல், தலைவிளக்கின் வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இழுத்தவர்கள் அவர்கள். பட்டைக்குள் பால்குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுவதால்தான் கோடு அப்படிச் சரிய வேண்டியிருக்கிறது. அப்படி வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும், பாலும் கோட்டின் வழியே வழிந்து மங்கு என்னும் கிண்ணத்தில் இறங்கும். அழுத்தம், சாய்வு, ஆழம் என்று மரச்செதுக்கு அச்சுக்காரர் ஒருவர் பல ஆண்டுகள் பயிலும் மூன்றும் அந்தக் கைகளில் இருந்தன. உங்கள் பேரப்பிள்ளையை அருகில் உட்கார வைத்து, ஒரு வாழைமட்டைத் துண்டில் அந்தக் கோட்டை மொட்டைக் கத்தியால் இழுத்துக் காட்டுங்கள். பிறகு அந்தத் துண்டில் மையைத் தடவித் தாளில் அழுத்தினால், வெட்டிய இடம் வெள்ளையாகவும் வெட்டாத இடம் நிறமாகவும் வரும். அச்சுக்கலையின் அடிப்படை அவ்வளவுதான்.

ரப்பர் கொட்டையையும் விட்டுவிடாதீர்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், வெளிர்பழுப்பின்மேல் கரும்பழுப்புத் திட்டுகள் ஓடி, ஒன்றோடொன்று கலந்து, ஓரத்தில் கோடாக மெலியும். கொட்டையின் மேலோடு தாய்மரத்தின் திசுவால் ஆனது என்பதால், ஒரே மரத்தின் கொட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே சாயலான கோலம் இருக்கும். அதை வைத்தே மரத்தின் இனவகையை அடையாளம் சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. ஒருமுறை இருபது கொட்டைகளைக் கலந்து கொடுத்து, எவையெவை ஒரே தாயின் பிள்ளைகள் என்று பிரிக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. அதன் பிறகு அவற்றை வரையச் சொன்னபோது, வராது என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. பார்க்கப் பழகிய பின் கை தானாகவே இறங்கிவிடுகிறது.

நிறத்துக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிவிட்டு, நனைத்த விரல்நுனியில் துளி சுண்ணாம்பைத் தொட்டு அதன்மேல் வையுங்கள். தொட்ட இடம் கண்முன்னே சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் ஆண்டாண்டு காலமாகப் பார்த்த சிவப்புதான் அது. ஆனால் தன் விரலின் கீழ் அது பிறப்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் வேறு. வேலியில் பூக்கும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம் கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும். சுண்ணாம்பு கண்ணில் படாதபடி பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இனி, மூலப் படைப்பை நேரில் காட்டுவது பற்றி. ஈப்போவை அடுத்த தம்புனுக்கு நம் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே சுண்ணாம்புப் பாறையின் உயரத்தில், செங்காவிக் கல்லின் சிவப்பில், ஆதிமனிதர் வரைந்த உருவங்கள் 600-க்கும் மேல் இருக்கின்றன. ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரின் கண்ணில் 1959-இல் பட்ட பிறகுதான் உலகம் அவற்றை அறிந்தது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பாறையில் கடற்பசுவின் உருவம் ஒன்று உண்டு. கடற்பசுவை இங்கே யார் பார்த்தார்கள், எப்படி அவ்வளவு உயரம் ஏறினார்கள், எதைக் கொண்டு தடவினார்கள் என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். பாறையைத் தொடக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சில நூற்றாண்டுகளல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காத்து வந்த நிறம் அது.

மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்தேக்கை நாம் சட்டைத் துணியாகவே அறிந்திருக்கிறோம். பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங் 1950-களில் அந்த மெழுகு முறையைக் கொண்டே ஓவியம் தீட்டிக் காட்டினார். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது என்பதுதான் அதன் சூத்திரம். கார்த்திகைக்கு ஏற்றி மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டால் வெள்ளைத் தாளில் சிக்குக்கோலம் ஒன்றை இழுத்து, மேலே நீர்வர்ணம் பூசினால், கண்ணுக்குத் தெரியாத கோலம் வெள்ளையாக எழுந்து வரும். கோலம் போட அம்மாவிடமும், மெழுகின் குணத்தை மலாய்க்காரக் கைவினைஞரிடமும் கற்கும் பிள்ளை இந்த நாட்டுக்கே உரிய ஒன்றைக் கற்கிறது. கிளந்தானின் வாயாங் கூலிட் தோல்பாவைகளிலும் ராமன் கதைதான் ஆடுகிறது. அங்கே ஸ்ரீராமனின் முகம் பச்சை. நம் தோல்பாவைக் கூத்தின் உறவுக்காரர் அவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். புகைப்படக்கலையைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு படம் மட்டும் என்று கட்டுப்படுத்தினால் அதுவே நல்ல பயிற்சி.

கோலாலம்பூர் போகும்போது பேரங்காடிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை 1958-இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுங்கள். 1943-இல் தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் பிறந்து, சென்னை அரசு கலை, கைவினைக் கல்லூரியில் பயின்று, மலேசிய ஓவியராகப் புகழ்பெற்ற சையது தாஜுதீன் போன்றோர் ராமாயணக் காட்சிகளைத் தீட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், இது நமக்குச் சம்பந்தமில்லாத உலகம் என்ற தயக்கம் பிள்ளைக்கு வராது. ஒரே நாளில் எல்லா அறைகளையும் சுற்ற வேண்டாம். ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் நின்றால் போதும்.

நம் கோயில்களில் திருப்பணி நடக்கும் மாதங்களையும் நாம் வீணாக்கிவிடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் சிற்பி, செங்கல் மேல் சிமெண்டுக் கலவையை அப்பி, கரண்டி முனையால் ஒரு யாளியின் உதட்டைத் தூக்கி நிறுத்துவதைச் சாரத்தின் கீழிருந்து பார்ப்பது பெரும் பாடம். குடமுழுக்கு அன்று கூட்டத்தில் தோளில் தூக்கிக் காட்டும் கோபுரத்தை, அது உருவாகும்போதே காட்டலாமே.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தை நீட்டும்போது, “இது என்ன?” என்று கேட்டால், அடையாளம் தெரியவில்லை என்றுதான் அதன் காதில் விழுகிறது. “இதை எப்படிச் செஞ்சே, சொல்லேன்” என்று கேளுங்கள். வானம் ஊதாவாக இருந்தால் திருத்த வேண்டாம். மழைக்கு முந்திய சாயங்காலம் செம்பனை வரிசைகளுக்கு மேல் வானம் ஊதாவாகத்தான் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு இதே மண்டபத்தில் கூடுவோம். வீட்டில் கிடக்கும் மெழுகுவத்தித் துண்டு, ஒரு கை மஞ்சள்தூள், பழைய நாளிதழ் ஆகியவற்றைக் கொடுத்து அனுப்புங்கள். ரப்பர் கொட்டைகளை நான் கொண்டு வருகிறேன். பால் வெட்டிய பாட்டிமார் அவசியம் வர வேண்டும், முதல் கோட்டைப் போட்டுக் காட்ட.