நித்திரை வருகிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

பிரதேச செயலகத்துக்கு நீங்கள் எதற்கெல்லாம் போயிருப்பீர்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், காணிப் பிரச்சினை, அஸ்வெசும என்ற நலன்புரி உதவிப் பணம், முதியோர் கொடுப்பனவு என்று ஏதோ ஒன்றுக்குப் போயிருப்பீர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாங்கில் நீங்களும் நேரம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். ஆனால் "மனம் சரியில்லை, யாரோடாவது கதைக்க வேண்டும்" என்று அங்கே போனவர்கள் மிகக் குறைவு. உளவளத்துணை உத்தியோகத்தர் என்று ஒருவர் அதே கட்டடத்தில் இருக்கிறார், ஒரு சதமும் வாங்காமல் உங்களோடு இருந்து கதைப்பார் என்பதே பலருக்குத் தெரியாது.

நான் சமூக சேவை உத்தியோகத்தராக, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் கனகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என்னென்ன சேவைகள் உண்டு, யாரிடம் போக வேண்டும் என்று விளக்கத்தான் இன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கும் வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். மனத்துயரத்தோடு கந்தோருக்கு வருகிறவர் அதைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கையில் ஒரு படிவத்தோடு வருவார். அந்தப் படிவத்தை வாங்குகிறவர் ஜீ.எஸ். என்கிற கிராம உத்தியோகத்தராக இருக்கட்டும், சமுர்த்தி உத்தியோகத்தராக இருக்கட்டும், என்னைப் போன்ற ஒருவராக இருக்கட்டும், ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும். "இரவில் நித்திரை வருகிறதா?"

ஏன் நித்திரை? மனம் எப்படி என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "ஒரு குறையுமில்லை" என்று முடித்துவிடுவார்கள். மனநோய் என்ற சொல்லை எடுத்தால் கோபம் வரும். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற வீட்டில் அந்தச் சொல் விழுந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும், ஆகவே அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நித்திரையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. "நித்திர வாறல்ல மிஸ்" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். மறுகாதான் ஒவ்வொன்றாக வரும். நுண்கடன்காரர் வருகிற நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தது வரும். கணவனின் குடி வரும். ஆண்டுக்கணக்காகத் தேடியும் ஒரு தகவலும் கிடைக்காத மகன் வருவான்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டும் எதையும் சொல்ல மாட்டேன், எல்லைப்புறக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர் என்பது போதும். அந்தப் பக்கம் யானை வராத ஊர் இல்லை. ஒரு மாரி காலத்தில் அவருடைய வீட்டுச் சுவரை யானை உடைத்து, உள்ளே இருந்த நெல் மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டது. உயிருக்குச் சேதமில்லை. நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தார், பிந்தியாவது பணம் வந்தது, சுவரும் கட்டியாயிற்று. ஆனாலும் மனுசன் பொதுமக்கள் நாள் தவறாமல் கந்தோருக்கு வந்துகொண்டே இருந்தார். கையில் அதே பழைய விண்ணப்பத்தின் போட்டோ கொப்பி. "இது மேலே போயிட்டுதா?" என்று கேட்பார். "ஐயா, இது முடிந்த விசயம், காசும் எடுத்துவிட்டீர்கள்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த பொதுமக்கள் நாளில் திரும்பவும் நிற்பார். அவருக்கு மறதி வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் சனம் குறைவாக இருந்த நேரம் பார்த்து அவரை என் மேசையடிக்குக் கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். கொப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இரவில் நித்திரை வருகுதா அப்பா?" என்றுதான் கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்தார். "நான் படுத்தா அது வரும் மகள்" என்றார்.

யானை வந்த இரவிலிருந்து அவர் ஒழுங்காகப் படுத்ததே இல்லை. டோர்ச் லைட்டும் யானை வெடியுமாக விடியும்வரை வாசலில் இருப்பார். பகலில் வயலில் வரம்போரம் கண் அயருவார், திடுக்கிட்டு எழும்புவார். மனைவி பயத்தில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பேச ஆளில்லை, சமைத்துக் கொடுக்க ஆளில்லை. அந்த விண்ணப்பத்தில்தான் "யானை வந்தது, எனக்கு இப்படி நடந்தது" என்று எழுதி அரசாங்கமே முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டிருந்தது. அதை ஏன் அவர் கையிலிருந்து விடவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை அங்கேதான் இருக்கிறது. முதலில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்கே போனோம். ஜீப்பில் போகவில்லை. ஜீப் வந்தால் ஊர் கூடும், ஊர் கூடினால் அவர் வாய் திறக்க மாட்டார். பிறகு "நித்திரைக்கு மருந்து எடுப்போம்" என்று சொல்லி ஆதார வைத்தியசாலை கிளினிக்குக்கு அனுப்பினோம். அது பொய்யில்லை, நித்திரைதான் அவருடைய முதல் தேவை. மூன்றாவது வேலைதான் எல்லாவற்றிலும் கடினம். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யானைக் காவலை முறை போட்டு வைக்கச் சொன்னோம். இன்று இந்த வளவு, நாளை அந்த வளவு. தான் படுத்தாலும் வேறொருவன் விழித்திருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் அவர் படுத்தார். மாத்திரை அதற்கு உதவியது, மாத்திரை மட்டும் போதியிருக்காது.

முழுக்கச் சுகம் என்று சொல்ல மாட்டேன். அறுவடைக்கு முந்திய நாட்களில் பழையபடி விழித்திருப்பார். ஆனால் மனைவி திரும்பி வந்துவிட்டார், கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவதும் நின்றுவிட்டது.

இதை எதற்குச் சொன்னேன்? அந்த மனுசனிடம் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் அவர் அதோடு கந்தோர் பக்கமே வந்திருக்க மாட்டார். படிவத்தோடு வருகிற ஆளைப் படிவத்தோடு மட்டும் திருப்பி அனுப்பக் கூடாது. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இந்த நிகழ்ச்சியைக் கேட்கிற உத்தியோகத்தர்களும் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவு. எத்தனையோ கந்தோர்களில் உளவளத்துணைக்கென்று மேசை உண்டு, கதவு பூட்டக்கூடிய அறை இல்லை. ஒரு பக்கத்தில் சமுர்த்தி, மறுபக்கத்தில் ஓய்வூதியம், நடுவில் ஒரு பெண் இருந்து தன் கணவன் அடிப்பதைச் சொல்ல வேண்டுமா? அவள் குரலைத் தாழ்த்தினால் உத்தியோகத்தருக்குக் கேட்காது, உயர்த்தினால் ஊருக்குக் கேட்கும். புதுக் கட்டடம் கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு சின்ன அறையும் ஒரு கதவும்தான். அந்த அறைக்கு வெளியே "உளவளத்துணை" என்று பெரிதாகப் பலகை போட வேண்டாம். அறை இலக்கம் போதும்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த உதவியை யாரும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்குப் படம் கீறக் கொடுத்தார்கள், பெரியவர்களை வட்டமாக இருத்திக் கதைக்க வைத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் திட்டம் முடிந்ததும் வந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். மனத்துயரம் திட்டக் காலத்தோடு முடிவதில்லை. 2019ல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு ஒவ்வொரு ஏப்ரல் 21ம் திரும்பவும் வருகிறது. அதனால்தான் போகாமல் இருக்கிற ஆட்களில் எனக்கு நம்பிக்கை. குழந்தை பிறந்த வீடுகளுக்குத் தேடிப் போகிற மிட்வைஃப் இருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகிற தாயை முதலில் காண்கிறவர் அவர்தான்.

கோயில் பூசாரியையும் நான் விட மாட்டேன். கயிறு கட்ட வேண்டாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. கயிற்றைக் கட்டுங்கள், கிளினிக் நாளையும் விட வேண்டாம் என்பேன். கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற வைகாசியில் மருந்தை நிறுத்திவிட்டுப் பிறகு துன்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பூசாரியே "மருந்தை விடாதே பிள்ளை" என்று சொன்னால் அது டொக்டர் பத்துத் தரம் சொல்வதைவிட ஏறும். சொல்கிற பூசாரிமார் இருக்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன்.

தூரமும் ஒரு தடைதான். மண்முனைப் பாலம் 2014ல் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்துப் பயணம் இலேசானது. ஆனால் மண்டூர்ப் பக்கத்தில் இன்னும் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏறித்தான் குருமண்வெளிக்கு வருகிறார்கள். கிளினிக்குக்கு ஒருநாள் வந்து போனால் ஒருநாள் கூலி போகும். கிளினிக் படுவான்கரைக்கு வருவதுதான் இதற்கு வழி.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். இளம் பிள்ளைகளைப் பற்றியும், தாய் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளைப் பற்றியும் பேச நினைத்தேன், முடியவில்லை. ஆனால் மூன்று விசயங்களைச் சொல்லாமல் எழும்ப மாட்டேன்.

1926. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் அது. குறித்து வையுங்கள்.

உயிரை விட முயன்றவரைப் பொலிஸ் பிடித்து வழக்குப் போடும் என்ற பயத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தாமதிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1998ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. அது குற்றமில்லை. உடனே கொண்டுபோங்கள்.

அடுத்தது, வயலுக்கு அடிக்கிற மருந்து. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கடும் நஞ்சுள்ள மருந்துகளைத் தடைசெய்தது அது பெருமளவு குறைய முக்கிய காரணம். கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால் அந்த ஒரு பொல்லாத நேரம் கடந்து போய்விடும். ஆகவே வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் பூட்டி, திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள்.

உளவளத்துணை உத்தியோகத்தரைக் காண வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தின் முன் மேசையில் காரணம் சொல்லத் தேவையில்லை. "சமூக சேவைப் பகுதிக்குப் போக வேண்டும்" என்றாலே வழி காட்டுவார்கள். நன்றி, வணக்கம்.