கூட்டுத்தொகை ஏழு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய பண்ணை வீடு. ஊர் மின்கம்பி அந்த வீடுவரை வராது. வெளியே ஒரு ஜெனரேட்டர் மட்டும் உண்டு. வீட்டிலிருக்கிற ஒவ்வொரு மின்சாதனத்தின் பிளக்கிலும் ஒரு எண் எழுதியிருக்கும். எதை வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. சொருகியிருக்கும் பிளக்குகளின் எண்களைக் கூட்டினால் 7-க்கு மேல் போகக் கூடாது. போனால் ஜெனரேட்டர் படுத்துவிடும். அதனால் அந்த வீட்டு அம்மாள் காபி போட நினைத்தாலும் முதலில் கணக்குப் போட வேண்டும். ரேடியோ 2, விளக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். காபிப் பானை 3 என்றால் ரேடியோவையோ விளக்கையோ பிடுங்கியாக வேண்டும்.

'கிரீன் ஏக்கர்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வரும் ஏற்பாடு இது. சி.பி.எஸ். நிறுவனம் 1965 செப்டம்பர் முதல் 1971 ஏப்ரல் வரை 6 பருவங்களாக 170 பகுதிகள் ஒளிபரப்பியது. இன்றைக்கும் அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கிராமத்துக் கிறுக்கர்களைப் பார்த்துச் சிரிக்கிற தொடர் என்று அதைச் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்கிறவர்கள் இரண்டு பகுதிக்கு மேல் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அந்தத் தொடரில் கிறுக்குத்தனம் ஏராளம். ஆனால் ஒவ்வொரு கிறுக்குத்தனத்துக்கும் கணக்கு வழக்கு உண்டு. அதன் ருசியே அந்தக் கறாரில்தான் இருக்கிறது.

கதை ஒரு வரிதான். ஆலிவர் வெண்டெல் டக்ளஸ், நியூயார்க்கில் கொழிக்கிற வழக்கறிஞர். மாடி வீட்டுப் பால்கனியில் சோளம் வளர்த்துப் பார்த்துவிட்டு, மண்ணைத் தொட்டு வாழ வேண்டும் என்ற வெறியில் ஹூட்டர்வில் என்ற கற்பனைக் கிராமத்தில் ஒரு பண்ணையை வாங்கிவிடுகிறார். மனைவி லிசா ஹங்கேரியில் பிறந்தவர், நகரத்துச் சீமாட்டி. வரவே மாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு வருகிறார். ஆலிவராக எடி ஆல்பர்ட், லிசாவாக புடாபெஸ்டில் பிறந்த ஈவா கபோர். தலைப்புப் பாடலை இருவருமே பாடுகிறார்கள். கணவர் மண்ணைப் புகழ, மனைவி நியூயார்க் கடைகளைப் புகழ, கடைசியில் வீட்டு முன்னால் கவைக்கோலோடு விறைப்பாக நின்று முடிக்கிறார்கள். கவைக்கோல் பிடித்த ஒருவரும் பக்கத்தில் ஒரு பெண்ணும் விறைத்து நிற்கிற, கிரான்ட் வுட் 1930-இல் தீட்டிய 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி நிலையே பாதிச் சிரிப்பு.

இனி நகைச்சுவை எப்படி ஓடுகிறது என்பதற்கு வருவோம்.

முதல் வேலை, ஒரு அபத்தத்தைச் சட்டமாக அறிவிப்பது. டெலிபோன் கம்பெனியிடம் கம்பி பற்றவில்லை. வீடுவரை இழுக்க முடியவில்லை. அதனால் கருவியைக் கம்பத்தின் உச்சியிலேயே மாட்டிவிட்டார்கள். சரி, மாட்டியாயிற்று. அடுத்தது, ஊரில் ஒருவருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றக் கூடாது. மணி அடித்தால் ஏறிப் பேச வேண்டியதுதானே என்பது அவர்கள் முகம். அதற்கப்புறம் ஆலிவர் வருவார். மூன்று பாகக் கோட்டு சூட்டில்தான் டிராக்டரே ஓட்டுகிற மனிதர். அதே கோட்டு சூட்டோடு கம்பம் ஏறுவார், வக்கீல் பாணியில் வாதாடுவார், தொண்டை கிழியக் கத்துவார். கடைசியில் சட்டம்தான் ஜெயிக்கும். அடுத்த வாரமும் டெலிபோன் கம்பத்தில்தான் இருக்கும். சௌகரியத்துக்காக ஒரு வாரம் அதைக் கீழே இறக்கிவிட்டிருந்தால் முந்தைய வாரத்துச் சிரிப்பெல்லாம் பொய்யாகப் போயிருக்கும். எழுதியவர்களுக்கு அது தெரியும்.

பெரும்பாலான பகுதிகளை எழுதியவர்கள் ஜே சோமர்ஸ், டிக் ஷெவில்லாட் இருவர். ஏறக்குறைய எல்லாப் பகுதிகளையும் இயக்கியவர் ரிச்சர்ட் பேர் ஒருவரே. விதிகள் வாரத்துக்கு வாரம் மாறாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். கை மாறினால் கணக்கு மாறிவிடும்.

இங்கே வானொலி நேயர்களுக்கு ஒரு சங்கதி. இந்தத் தொடரின் வேர் வானொலியில் இருக்கிறது. 1950 கோடையில் சி.பி.எஸ். வானொலியில் 'கிரான்பீஸ் கிரீன் ஏக்கர்ஸ்' என்று ஒரு நாடகத் தொடர் சில வாரங்கள் மட்டும் வந்து போனது. எழுதியவர் இதே ஜே சோமர்ஸ். வங்கி வேலையை விட்டுவிட்டு விவசாயம் பார்க்கப் போகிற ஒருவரின் கதை. நடித்தவர்கள் கேல் கார்டன், பீ பெனடெரெட். 15 ஆண்டு கழித்து, 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'பெட்டிகோட் ஜங்ஷன்' என்று அடுத்தடுத்து வெற்றி கொடுத்திருந்த தயாரிப்பாளர் பால் ஹென்னிங்குக்கு சி.பி.எஸ். இன்னொரு அரை மணி நேரத்தைத் தூக்கிக் கொடுத்தபோது, பரணில் கிடந்த அந்தக் கதைக்கு மறுபடி உயிர் வந்தது.

அந்தப் பிறப்பு கடைசிவரை காதுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார்கள் என்பதில் சந்தேகமே வராது. பண்ணையை ஏமாற்றி விற்ற ஹேனியின் குரல், கரகரவென்று உடைந்து மேலேயும் கீழேயும் சறுக்கும். நடித்த பாட் பட்ரம், பாடும் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரியின் வானொலி நிகழ்ச்சிகளில் அந்தக் குரலாலேயே பேர் வாங்கியவர். அரசாங்கத்து வேளாண் விரிவாக்க அலுவலர் ஹேங்க் கிம்பல் இன்னொரு ரகம். ஒரு வாக்கியம் சொல்வார். உடனே அதில் பாதியைத் திருத்துவார். பிறகு திருத்தத்தையே திருத்துவார். நாலாவது திருத்தத்தில் முதலில் சொன்னதை முழுதாக மறுத்துவிட்டு, கேள்வி என்ன என்று நம்மையே கேட்பார். கிம்பலாக நடித்த ஆல்வி மூர் இதை வேகமாகவோ கோமாளித்தனமாகவோ செய்வதில்லை. மனசாட்சியுள்ள ஒரு அரசு ஊழியர் தவறான தகவல் தந்துவிடக் கூடாதே என்று பதறுகிற தொனியில் செய்கிறார். அதனால்தான் அது எடுபடுகிறது. விதைக்கு எந்த மண் நல்லது என்று கேட்கப்போன ஆலிவர் பதில் கிடைக்காமலே திரும்புவார்.

காதுக்கான இன்னொரு வேடிக்கை, அந்தச் சின்னக் குழல். அமெரிக்க விவசாயியின் மகிமையைப் பற்றி ஆலிவர் நெஞ்சு நிமிர்த்திப் பேசத் தொடங்கினால் பின்னணியில் பட்டாளத்துக் குழலோசை எழும். வேறு எந்தத் தொடரிலும் அது பார்வையாளருக்கு மட்டும் கேட்கிற பின்னணி இசை. இங்கே சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்கும்! எங்கிருந்து வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இயக்குநர், எழுத்தாளர் பெயர்களும் திரையில் சும்மா ஓடுவதில்லை. ஒரு தடவை முட்டை ஓட்டில் அச்சாகி வரும். லிசா அதை எடுத்துப் பார்த்து, யார் இவர்களெல்லாம் என்று கேட்பார். தொலைக்காட்சி தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வது இப்போது சகஜம். 1960-களில், அதுவும் கிராமத்துக் குடும்பத் தொடர் என்று விற்கப்பட்ட ஒன்றில், அது பெரிய துணிச்சல்.

ஹேனியிடம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். வீட்டை விற்கும்போது கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிக்கொண்டு போனவர் அவர். பிறகு அதே சாமான்களை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றிவந்து ஆலிவருக்கே விற்பார், அல்லது வாடகைக்கு விடுவார். லாரியில் ஒரு சுருள் பலகை இருக்கும். அன்றைக்கு ஆலிவருக்கு என்ன சங்கடமோ, அதற்கான வியாபாரப் பெயர் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும். ஆலிவர் இன்னும் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டார். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று தொடர் ஒருநாளும் விளக்குவதில்லை. விளக்கியிருந்தால் அந்தச் சிரிப்பு அங்கேயே செத்துப்போயிருக்கும்.

ஆர்னால்ட் என்ற பன்றியும் இதே சட்டத்தில் அடங்கும். ஃப்ரெட் ஸிஃபெல், டோரிஸ் என்ற முதிய தம்பதிக்கு அது வளர்ப்பு மகன். பள்ளிக்கூடம் போகும், தொலைக்காட்சி பார்க்கும். அது உறுமினால் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆலிவருக்கு மட்டும் வெறும் உறுமல். படமாக்கிய விதத்தில் ஒரு நல்ல சிக்கனம் இருக்கிறது. பன்றியை எதுவும் 'நடிக்க' வைப்பதில்லை. அது நிற்கும், நடக்கும், உறுமும். மிச்சமெல்லாம் எதிரில் இருப்பவர் சொல்லும் பதிலில் இருக்கிறது. உறுமலுக்கு லிசா ஒரு முழு வாக்கியத்தில் மறுமொழி சொன்னதும் பன்றி என்ன சொல்லியிருக்கும் என்று நம் மூளை தானாக எழுதிக்கொள்கிறது. பன்றிக்கு வாய் அசைவு கொடுத்துப் பேச வைக்கிற படங்கள் பின்னாளில் வந்தன; அவற்றில் நமக்கு வேலை இல்லை.

பழக்கியவர் ஃப்ராங்க் இன். அவருக்கு ஒரு நடைமுறைத் தொல்லை. பன்றிக்குட்டி மாதக் கணக்கில் மளமளவென்று வளர்ந்துவிடும். மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்த ஆர்னால்ட் சீக்கிரமே மேசையைவிடக் கனமாகிவிடும். அதனால் ஒரே ஆர்னால்டுக்குப் பல பன்றிகள் மாறி மாறி நடித்தன. ஃப்ரெட்டாக நடித்த ஹேங்க் பேட்டர்சனுக்கோ அப்போது 80 வயதை ஒட்டிய முதுமை, காது ஏறக்குறைய கேட்காது. வசனப் பயிற்சியாளர் கேமராக் கண்ணில் படாமல் தரையில் படுத்துக்கொண்டு, அவர் பேச வேண்டிய நேரம் வந்ததும் ஒரு கோலால் காலில் தட்டுவாராம். திரையில் அந்தத் தடுமாற்றம் துளியும் தெரியாது. ஃப்ரெட்டின் அந்த மந்தமான நிதானம்தான் தெரியும்.

லிசாவின் சமையலைப் பற்றிச் சொல்லாவிட்டால் ரசிகர்கள் கோபிப்பார்கள். தெரிந்த பலகாரம் ஒன்றே ஒன்று: தோசைபோல் வார்க்கிற ஹாட்கேக். கடிக்க முடியாது. ஆனால் அறுந்த என்ஜின் கேஸ்கட்டுக்குப் பதிலாக வைத்தால் வண்டி ஓடும். அவர் போடும் காபி தார்போலக் கெட்டியாக இறங்கும். இதை, பணக்காரப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது என்ற பழைய கேலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். வரமாட்டேன் என்று அழுத லிசா, பட்டு உடையும் வைரமுமாக வந்து இறங்கி, கோழிக்கும் பசுவுக்கும் பெயர் வைத்துப் பேசி, ஊரோடு ஒரே வாரத்தில் ஒட்டிக்கொள்கிறார். அவர் மூளை ஹூட்டர்வில்லின் மூளையோடு ஒத்துப்போகிறது. மண் மண் என்று உருகுகிற ஆலிவருக்குத்தான் அது கடைசிவரை கைகூடுவதில்லை. ஊரை நேசிப்பவருக்கு ஊர் பிடிபடவில்லை. வெறுத்து வந்தவருக்கு வீடாகிவிட்டது. 6 பருவங்கள் தாங்கியதற்கு இந்தத் தலைகீழ்தான் தூண். எடி ஆல்பர்ட் நிஜ வாழ்க்கையிலும் தோட்டப் பித்துக் கொண்டவர்; பசிபிக் பாலிசேட்ஸ் என்ற வசதியான பகுதியில் வீட்டு முன்வாசலில் சோளம் போட்டவர். அந்த மண்பற்று வசனங்களை அவர் கேலியாகச் சொல்லவே இல்லை. அவர் நூற்றுக்கு நூறு நம்பிச் சொல்வதால்தான் பின்னால் குழல் ஊதும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது.

குறைகளும் உண்டு. பதிவுசெய்த சிரிப்பொலியைத் தாராளமாகக் கொட்டியிருக்கிறார்கள்; பல இடங்களில் அது வசனத்தின் வாலை மிதித்துவிடுகிறது. பண்ணையாள் எப், ஆலிவரை 'அப்பா' என்று கூப்பிட்டுக் கழுத்தறுக்கிற நகைச்சுவை கடைசிப் பருவங்களில் சலித்துவிடுகிறது. முதல் பகுதி ஆவணப்படப் பாணியில், ஜான் டேலி என்ற செய்தியாளர் விவரிக்கும்படி அமைந்தது. புதுமைதான், ஆனால் தொடரின் உண்மையான சுருதி அதில் இல்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் இரண்டாம் பருவத்தில் தொடங்குவது நல்லது. அதற்குள் விதிகளெல்லாம் உறைந்துவிட்டிருக்கும். ஒரே மூச்சில் நாலைந்து பகுதி பார்க்கவும் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்று வடித்த பாத்திரம், சேர்த்து ஊற்றினால் வழிந்துவிடும். மறு ஒளிபரப்பில் விளம்பரத்துக்காகச் சில நிமிடம் வெட்டிய பிரதிகளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும். கத்தரி முதலில் விழுவது கிம்பலின் நாலாவது திருத்தத்தில்தான்.

தொடர் நின்றதற்குப் பார்வையாளர் குறைந்தது மட்டும் காரணம் இல்லை. முதல் 4 ஆண்டுகளும் அது நாட்டின் முதல் 20 தொடர்களுக்குள் இருந்தது. 1971-இல் சி.பி.எஸ். தன் கிராமத்துத் தொடர்களை மொத்தமாக அறுத்தது. விளம்பரதாரர்களுக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைவிட யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியமாகிவிட்டிருந்தது. நகரத்து இளைஞர்களின் காசுதான் வேண்டும். போதாக்குறைக்கு, மாலை நேரத்தில் ஒரு பகுதியை உள்ளூர் நிலையங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற அரசு விதியும் அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது; இடம் சுருங்கியது. 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'மேபெரி ஆர்.எஃப்.டி.', 'ஹீ ஹா' எல்லாம் ஒரே வீச்சில் போயின. மரம் இருக்கிற தொடரையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்ற பொருளில் பாட் பட்ரம் சொன்ன கேலி இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது.

அதனால் கிரீன் ஏக்கர்ஸுக்கு முறையான முடிவே கிடையாது. கடைசியாக ஒளிபரப்பான இரண்டு பகுதிகளும் வேறு புதுத் தொடர்களுக்கு வெள்ளோட்டமாக எடுக்கப்பட்டவை. கடைசிப் பகுதி ஆலிவரின் பழைய செயலாளரான ஒரு பெண்ணைச் சுற்றியே நடக்கிறது, ஹூட்டர்வில்லுக்கு அதில் பெரிதாக வேலையில்லை. மன்ரோ சகோதரர்கள் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட தச்சர்கள் இருவர் உண்டு, ஆல்ஃப், ரால்ஃப். ரால்ஃப் பெண்; பெண் தச்சர் என்றால் வேலை தரமாட்டார்கள் என்று சகோதரர் ஆனவர். டக்ளஸ் தம்பதியின் படுக்கையறையைக் கட்டித்தர ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள்தான். அலமாரியின் தள்ளுக்கதவு, தொட்டால் கையோடு வரும். 1971 ஏப்ரல் 27-இல் தொடர் நின்றபோதும் அந்த அறை வேலை முடிந்தபாடில்லை.

நன்றி, வணக்கம்.